பத்து வயசுக்காரனுக்கு நீதி வேண்டாம், ஒரு தீவு கொடுங்கள்

உங்கள் வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் ஒரு பையனோ பெண்ணோ இருந்தால், அவர்களுக்கு நீங்கள் கடைசியாகப் பரிசு கொடுத்த புத்தகம் எது என்று ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பந்தயம் கட்டுகிறேன். ஒன்று, நூறு நீதிக்கதைகள். அல்லது பொது அறிவுக் களஞ்சியம். அல்லது 'வெற்றி பெறுவது எப்படி' வகையறா. அதுவும் இல்லையென்றால் பளபள அட்டை போட்ட ஒரு தலைவரின் வாழ்க்கை வரலாறு. இந்த நான்கில் எதுவுமே இல்லையென்றால் நீங்கள் நல்லவர். மேற்கொண்டு படிக்க வேண்டாம், போய் வேலையைப் பாருங்கள் :-)

மற்றவர்களுக்கு: இது உங்களைத் திட்டுவதற்காகவே எழுதியது.

சொல்ல வந்த விஷயம் இதுதான். இந்த வயதுப் பிள்ளைகளுக்குச் சாகச நாவல் கொடுங்கள். ஜூஸ் பிழிவது மாதிரி நீதியைப் பிழிந்து வைக்காத சாகச நாவல். என்னிடம் இரண்டே இரண்டு நிபந்தனைதான். கதையில் வரும் ஆபத்து நிஜமான ஆபத்தாக இருக்க வேண்டும். அதிலிருந்து தப்பிக்கும் முடிவை அந்தப் பிள்ளையே எடுக்க வேண்டும். அப்பா வந்து காப்பாற்றக் கூடாது, முனிவர் வந்து வரம் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டும் இல்லாத புத்தகத்தை 'சிறுவர் இலக்கியம்' என்று தூக்கிக் கொடுப்பது, காய்ச்சல் இல்லாதவனுக்கு மாத்திரை கொடுப்பது மாதிரி. வாங்கி வைத்துக்கொள்வான். முழுங்க மாட்டான்.

மாலையில் நான் ஏழெட்டுப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன் (பி.காம். படிக்கிறவனுக்குப் பாக்கெட் மணி அப்படித்தான் வருகிறது). எட்டாம் வகுப்புப் பையன் ஒருவனிடம் ஒரு கதைப் புத்தகத்தை நீட்டினேன். வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணா, இதுல இருந்து கொஸ்டின் வருமா?" என்றான். வராது என்றேன். "அப்ப எதுக்குண்ணா?" என்றான். திமிராகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டான்.

அவனுக்கு அந்தக் கேள்வியைக் கற்றுக்கொடுத்தது யார்? நாம்தான். ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒவ்வொரு கதைக்குக் கீழேயும் 'இக்கதை உணர்த்தும் நீதி யாது?' என்று கேட்டுக் கேட்டுப் பழக்கிவிட்டோம். கதை என்பது நீதியைச் சுற்றியிருக்கும் சாக்லேட் காகிதம் என்று அவன் புரிந்துகொண்டான். காகிதத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு நீதியை மட்டும் இரண்டு மார்க்குக்கு எழுதிவிட்டால் வேலை முடிந்தது.

நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு ஒரு லைப்ரரி பீரியட் இருந்தது, டைம்டேபிளில். நடந்தது கணக்கு. லைப்ரரி என்பது ஸ்டாஃப் ரூமில் பூட்டு போட்ட ஒரு கண்ணாடி பீரோ. ஏழு வருடத்தில் அது திறந்ததை நான் இரண்டு முறை பார்த்தேன். இரண்டு முறையும் இன்ஸ்பெக்‌ஷன்.

படிக்கட்டில் நடுப்படியைக் காணோம்

ஆறு வயதில் சிங்கமும் முயலும் கதை சொல்கிறோம். சரி. பதினேழு வயதில் "என்னப்பா, பொன்னியின் செல்வன் கூட படிச்சதில்லையா?" என்று அலுத்துக்கொள்கிறோம். நடுவில் பத்து வருடம் இருக்கிறதே, அதில் என்ன கொடுத்தோம்? கைடு கொடுத்தோம். படிக்கட்டில் நடுப்படிகளை எல்லாம் உருவிவிட்டு, மேலே ஏற மாட்டேன் என்கிறானே என்று புலம்பினால் எப்படி?

எப்போதும் இப்படி இருக்கவில்லை. 1947இல் அம்புலிமாமா வந்தது. அதற்குப் பிறகு வாண்டுமாமா என்ற பெயரில் வி. கிருஷ்ணமூர்த்தி பிள்ளைகளுக்காகவே எழுதிக் குவித்தார். 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோடு ஆரம்பித்தது. 1984இல் லயன் காமிக்ஸ். நம் அப்பாக்களும் மாமாக்களும் இவற்றை வரலாற்றுப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள்தான். அப்படி ஒளித்துப் படித்து வாசகர்களான அதே ஆட்கள்தான் இன்று தங்கள் பிள்ளைக்கு 'மாணவர்களுக்கு 50 பொன்மொழிகள்' வாங்கிக் கொடுக்கிறார்கள். தான் சாப்பிட்டது பிரியாணி, பிள்ளைக்குக் கொடுப்பது வெந்நீர்!

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். 1950லிருந்து 1954 வரை கல்கியில் வாராவாரம் வந்த தொடர். ஒரு இளைஞன் ரகசிய ஓலையோடு குதிரையில் வீரநாராயண ஏரிக்கரையில் வருகிறான், போகிற இடமெல்லாம் வம்பில் மாட்டுகிறான், பொய் சொல்லித் தப்பிக்கிறான். சுரங்கப்பாதை, கடல், புயல், ஒற்றர்கள். இதற்குப் பெயர் என்ன? சாகசக் கதை. 'சாகசக் கதையெல்லாம் டைம் வேஸ்ட்' என்று சொல்லும் வீட்டின் ஷோகேஸில்தான் அந்த ஐந்து பாகமும் அலங்காரமாக நிற்கிறது. வந்தியத்தேவனிடமிருந்து யாராவது நீதி கற்றுக்கொண்டார்களா? அடுத்த வாரம் என்ன ஆகும் என்றுதான் காத்திருந்தார்கள். அந்தக் காத்திருப்புதான் ஒருவனை வாசகனாக்குகிறது.

ஒரு வரைபடத்திலிருந்து

இந்த வகைக் கதைகளுக்கெல்லாம் தாத்தா ஸ்டீவன்சனின் 'ட்ரெஷர் ஐலண்ட்'. 1881இல் ஸ்காட்லாந்தில் ஒரு மழைக்கால விடுமுறை. வெளியே போக முடியவில்லை. வளர்ப்பு மகனோடு சேர்ந்து பொழுது போகாமல் ஒரு தீவின் வரைபடம் வரைந்திருக்கிறார்கள். அந்தப் படத்துக்காகத்தான் கதையே பிறந்தது. எழுதியதை வீட்டில் படித்துக் காட்ட, ஸ்டீவன்சனின் அப்பாவும் விளையாட்டில் சேர்ந்துகொண்டார். கதையில் பில்லி போன்ஸ் என்ற கிழட்டுக் கடலோடியின் பெட்டிக்குள் என்னென்ன இருந்தது என்ற பட்டியல் அவர் தயாரித்துக் கொடுத்ததுதான். தாத்தா, அப்பா, பையன் மூன்று தலைமுறையும் ஒரு பொய்த் தீவுக்காக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறது. பத்திரிகையில் தொடராக வந்து 1883இல் புத்தகமானது.

அதில் ஒரு இடம். பையன் ஜிம் ஆப்பிள் எடுப்பதற்காக ஒரு பெரிய பீப்பாய்க்குள் இறங்குகிறான். வெளியே பேச்சுக்குரல். தான் இதுவரை நேசித்த சமையல்காரன் சில்வர்தான் கொள்ளைக்கூட்டத் தலைவன் என்று அங்கே உட்கார்ந்தபடி தெரிந்துகொள்கிறான். மூச்சு விட்டால் செத்தான். நமக்குப் பிடித்த பெரியவர் ஒருவர் கெட்டவராகவும் இருக்கலாம் என்பதை எந்த நீதிக்கதையும் இவ்வளவு நேர்மையாகச் சொன்னதில்லை. கடைசியில் அந்தச் சில்வர் தூக்கில் தொங்குகிறானா? இல்லை. ஒரு மூட்டைப் பணத்தோடு கம்பி நீட்டிவிடுகிறான். நம் ஊர் நீதிக்கதைக்காரர் கையில் கிடைத்திருந்தால் சில்வர் திருந்தி ஆசிரமம் கட்டியிருப்பான்.

இங்கேதான் எனக்கு இன்னொரு எதிரி: சுருக்கப் பதிப்பு. அறுபது எழுபது பக்கத்தில் 'உலகப் புகழ்பெற்ற நாவல்'. அதில் இந்தப் பீப்பாய்க் காட்சி 'ஜிம் சதித்திட்டத்தை ஒட்டுக்கேட்டான்' என்று ஒரு வரியில் முடிந்துவிடும். பயம் போச்சு, இருட்டு போச்சு. மிச்சம் இருப்பது தகவல். அதைப் படித்துவிட்டுப் பையன் "போர்" என்கிறான். சரியாகத்தான் சொல்கிறான். சக்கையைக் கொடுத்துவிட்டுக் கரும்பு பிடிக்கவில்லையா என்று கேட்கக் கூடாது.

வழக்கமான நான்கு சாக்குகள்

1. "இதெல்லாம் பயமுறுத்தும், பிள்ளை கெட்டுப்போகும்."

டிவி சீரியலில் மருமகளுக்கு விஷம் வைக்கும்போது பிள்ளை அதே ஹாலில் உட்கார்ந்து தோசை சாப்பிடுகிறது. அப்போது கெடாத பிள்ளை, காட்டில் தனியாகத் தீ மூட்டும் சிறுவனைப் பற்றிப் படித்தால் கெட்டுவிடுமா? புத்தகத்தில் வரும் பயத்துக்கு ஒரு வசதி உண்டு. தாங்க முடியாவிட்டால் மூடி வைக்கலாம். தைரியம் வந்ததும் திறக்கலாம். எப்போது திறப்பது என்பது படிக்கிறவன் கையில்.

2. "இந்தக் காலப் பசங்க போனை விட்டு வர மாட்டாங்க."

அவர்கள் போனில் என்ன செய்கிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? ஒரு தீவில் குதிக்கிறார்கள். வரைபடம் பார்க்கிறார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு பிழைக்கப் பார்க்கிறார்கள். பப்ஜியை 2020இல் தடை செய்தார்கள், அடுத்த வருடமே வேறு பெயரில் திரும்பி வந்தது, பசங்களும் கூடவே திரும்பிப் போனார்கள். சாகசத்தின் மேல் அவர்களுக்கு இருக்கும் பசி அப்படியேதான் இருக்கிறது. நாம் சமையலறையைப் பூட்டிவிட்டோம், அவர்கள் கேம் கம்பெனியிடம் வாங்கிச் சாப்பிடுகிறார்கள். அவ்வளவுதான்.

3. "பழைய சாகச நாவல் எல்லாம் வெள்ளைக்காரன் பெருமை."

இதில் உண்மை இருக்கிறது, மறுக்க மாட்டேன். 1719இல் வந்த ராபின்சன் குரூசோ தீவில் இன்னொரு மனிதனைப் பார்த்ததும் அவனுக்கு அடிமை மாதிரி ஒரு பெயர் வைத்து எஜமானன் ஆகிறான். ஹாகார்டின் 'கிங் சாலமன்ஸ் மைன்ஸ்' ஆப்பிரிக்காவைப் பார்க்கும் பார்வையும் அப்படித்தான். எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவில் (1942 முதல் 1963 வரை 21 புத்தகம்) பாத்திரம் கழுவும் வேலை ஆன் என்ற பெண்ணின் தலையில்தான் விழும். ஆனால் இதற்குத் தீர்வு அந்த வகையையே தூக்கிப் போடுவதா? அதே கூட்டத்தில், பெண் மாதிரி இரு என்று சொன்னால் சீறும் ஜார்ஜ் இருக்கிறாள். ஜூல்ஸ் வெர்னின் கேப்டன் நெமோ யார் தெரியுமா? 1875இல் வந்த 'மிஸ்டீரியஸ் ஐலண்ட்' நாவலில்தான் உண்மை வெளியே வரும்: புந்தேல்கண்டின் இளவரசன் டக்கார். 1857இல் ஆங்கிலேயரை எதிர்த்துப் போராடியவன். உலகத்தின் மிகப் பிரபலமான நீர்மூழ்கிக் கப்பல் கேப்டன் நம்ம ஊர்க்காரன்! இதை எந்தப் பொது அறிவுக் களஞ்சியம் உங்கள் பிள்ளைக்குச் சொன்னது?

4. "பெண் பிள்ளைக்கு எதற்கு இதெல்லாம்?"

நேரடியாக யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஆனால் பரிசு வாங்கும்போது பையனுக்குத் துப்பறியும் கதை, பெண்ணுக்கு இளவரசி கதை என்று கை தானாகப் போகிறது. அந்தக் கையைக் கொஞ்சம் தட்டுங்கள்.

வங்காளிகளைப் பார்த்துப் பொறாமைப்படுகிறேன்

சத்யஜித் ராய் உலகமே கொண்டாடிய இயக்குநர். அவர் 1965இலிருந்து கடைசிவரை பிள்ளைகளுக்காக ஃபெலுடா கதைகளை எழுதிக்கொண்டே இருந்தார். அவருடைய தாத்தா 1913இல் ஆரம்பித்த 'சந்தேஷ்' என்ற சிறுவர் பத்திரிகைக்காக எழுதினார். 'பதேர் பாஞ்சாலி' எழுதிய விபூதிபூஷண் 1937இல் 'சந்தேர் பஹார்' என்று ஒரு முழு சாகச நாவலைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். ஆப்பிரிக்காப் பக்கமே போகாமல் ஆப்பிரிக்காவைப் பற்றி எழுதினார்! அங்கே பெரிய எழுத்தாளர்களுக்குச் சிறுவர் சாகசம் எழுதுவது கௌரவக் குறைச்சல் இல்லை.

இங்கே? ஜெயமோகன் தினமணி சிறுவர்மணியில் 'பனிமனிதன்' எழுதினார். எஸ். ராமகிருஷ்ணன் 'ஏழு தலை நகரம்' எழுதினார். இன்னும் சில பேர் எழுதுகிறார்கள். ஆனால் அதை யார் வாங்கினோம், யார் பேசினோம்? 'சிறுவர் நாவல்தானே' என்று ஒரு 'தானே' போட்டுத் தள்ளிவிடுகிறோம். அந்தத் 'தானே'வில்தான் அடுத்த தலைமுறை வாசகர்கள் காணாமல் போகிறார்கள்.

சரி, என்னதான் கொடுப்பது?

திட்டிவிட்டு ஓடுவது நியாயமில்லை. என் பட்டியல்:

9 முதல் 11 வயது: காமிக்ஸிலிருந்து ஆரம்பிக்கலாம், தப்பே இல்லை. பிறகு வாண்டுமாமா. பிறகு உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை'. 2023இல் பால சாகித்ய புரஸ்கார் வாங்கியது. இன்றைய சிறுவன் ஒருவன் பழங்காலக் கீழடிக்குள் போகிறான். கீழடியைப் பற்றிப் பாடத்தில் படிப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிட்டால் பாடமே வேறு மாதிரி தெரியும்.

11 முதல் 13: ஃபெலுடா வரிசை, தமிழிலும் மொழிபெயர்ப்பாகி வந்திருக்கிறது. 'சோனார் கேல்லா'வில் தொடங்குங்கள். பூர்வ ஜென்மம் ஞாபகம் வருகிறது என்று சொல்லும் ஒரு சிறுவன், ராஜஸ்தான் பாலைவனம், தங்கக் கோட்டை. அப்புறம் 'பனிமனிதன்'. யெதியைத் தேடி இமயமலைக்குப் போகிறவர்களின் கதை. பரிணாமமும் பௌத்தமும் நடுநடுவே வரும், ஆனால் கதை நிற்காது.

12 முதல் 14, ஆங்கிலம் ஓரளவு தெரிந்தால்: கேரி பால்சனின் 'ஹாட்செட்' (1987). பிரையன் என்ற 13 வயதுப் பையன் போகும் சின்ன விமானத்தில் பைலட் மாரடைப்பில் இறந்துவிடுகிறார். கனடாக் காட்டில் கையில் ஒரே ஒரு கைக்கோடரியோடு 54 நாள். முதல் தடவையே எல்லாம் சரியாக வரும் ஹீரோ இல்லை இவன். முள்ளம்பன்றியிடம் குத்து வாங்குகிறான், உட்கார்ந்து அழுகிறான், அழுது முடித்த பிறகும் நிலைமை அப்படியே இருப்பதைப் பார்த்துவிட்டு எழுந்திருக்கிறான். ஆங்கிலமும் சின்னச் சின்ன வாக்கியம்தான்.

அதே வயதுக்கு ஸ்காட் ஓடெல்லின் 'ஐலண்ட் ஆஃப் தி ப்ளூ டால்ஃபின்ஸ்' (1960). கலிஃபோர்னியாவுக்கு அப்பால் சான் நிக்கோலஸ் தீவில் 1835லிருந்து 1853 வரை 18 வருடம் தனியாக வாழ்ந்த ஒரு பழங்குடிப் பெண்ணின் நிஜ வாழ்க்கையிலிருந்து பிறந்த நாவல். பெண்கள் ஆயுதம் செய்யக் கூடாது என்பது அவள் இனத்தின் விதி. காட்டு நாய்கள் சுற்றி நிற்கின்றன. விதியா, வில்லா? பயந்து பயந்து வில் செய்கிறாள். பையன்களுக்கும் கட்டாயம் கொடுங்கள்.

13 முதல் 16: முழு 'ட்ரெஷர் ஐலண்ட்'. வெர்னின் கடல் நாவல்கள். 'சந்தேர் பஹார்', ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. அதன் நாயகன் சங்கர், படிப்பு முடிந்து சணல் மில்லில் வேலைக்குப் போக வேண்டிய கட்டாயத்தில் நிற்கும் இளைஞன். என் வகுப்பில் பாதிப் பேர் நிற்கும் அதே இடம் :-( ரிக் ரியோர்டனின் பெர்சி ஜாக்சன் வரிசையும் (2005 முதல்) இந்த வயதுக்குத்தான். பெர்சிக்குப் படிப்பதே கஷ்டம், எழுத்துகள் கண்முன்னால் மிதக்கும். தன் மகனுக்கும் அதே பிரச்சினை இருந்ததால் அவனுக்காகச் சொல்ல ஆரம்பித்த கதை இது. 'படிப்பு வராதவன்' என்று முத்திரை குத்தப்பட்ட பிள்ளைக்கு இதைக் கொடுத்துப் பாருங்கள். இவ்வளவும் முடிந்த பிறகு பொன்னியின் செல்வன் வரட்டும். அவனே கேட்டு வாங்குவான்.

கொடுக்கும்போது மூன்று விதி. முதல் அத்தியாயத்தை நீங்களே சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, நல்ல இடத்தில் நிறுத்திவிட்டுப் போய்விடுங்கள். பிடிக்கவில்லை என்று பாதியில் வைத்தால் விட்டுவிடுங்கள், வேறொன்று கொடுங்கள். முடித்த பிறகு "என்ன கத்துக்கிட்ட?" என்று தயவுசெய்து கேட்காதீர்கள். "அவன் எப்படித் தப்பிச்சான்?" என்று கேளுங்கள். அரை மணி நேரம் பேசுவான்.

காசு எங்கே?

புத்தகம் விலை அதிகம் என்பீர்கள். காமர்ஸ்காரனிடம் கணக்கு பேசாதீர்கள். தமிழ்நாட்டில் சொத்து வரியோடு நூறு ரூபாய்க்குப் பத்து ரூபாய் நூலக வரியும் சேர்ந்துதான் போகிறது. அதாவது கிளை நூலகத்துக்கான காசை ஏற்கனவே கட்டியாகிவிட்டது. சரக்கை எடுத்து வராதது நம் தப்பு. போய்ச் சிறுவர் பகுதி எங்கே என்று கேளுங்கள். அங்கே நீதிக்கதைகள் மட்டும்தான் இருந்தால் இந்தத் தலைப்புகளை எழுதிக் கொடுத்து, வாங்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்கிற ஆள் இல்லாத சரக்கை யாரும் வாங்கி வைக்க மாட்டார்கள், இது பதினொன்றாம் வகுப்புப் பொருளாதாரம். ஜனவரியில் சென்னைப் புத்தகக் கண்காட்சிக்குப் போனால், சமையல் குறிப்பு, ஜோதிடம், சுயமுன்னேற்றம் மூன்றையும் தாண்டி நான்கு ஸ்டால் நடங்கள்.

புத்தகக் கணக்கில் எழுத முடியாத சொத்துகள் சில உண்டு. ஒரு பிள்ளை ராத்திரி போர்வைக்குள் டார்ச் அடித்து 'இன்னும் ஒரு அத்தியாயம்' என்று படிக்கும் பழக்கம் அதில் ஒன்று. அது பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் வந்தால் வந்தது. வராமல் போன பிள்ளைகள் என் வகுப்பிலேயே நிறையப் பேர். கெட்டிக்காரர்கள், நல்லவர்கள். ஆனால் நான்கு பக்க கேஸ் ஸ்டடியைக் கண்டால் ஓடுகிறார்கள். அவர்கள் கையில் யாரும் ஒரு தீவை வைக்கவில்லை, வைத்ததெல்லாம் நீதி.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இன்னும் வயது இருக்கிறது. பிறந்தநாள் எப்போது?

டிஸ்கி: நீதிநூல்களுக்கு நான் எதிரி இல்லை. திருக்குறள் மேல் கை வைத்தான் என்று யாரும் கிளம்ப வேண்டாம். அது அதன் இடத்தில் இருக்கட்டும். பிறந்தநாள் பரிசு மட்டும் என் கட்சி.